பழைய வானொலிக்குப் புதிய குரல்

நகரத்தில் வாழ்வோர்க்கு வானொலி ஒரு பொழுதுபோக்குச் சாதனம். தீவில் வாழ்வோர்க்கு அது அவ்வளவில் அமைவதன்று. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்கின்றது. சோளகக் காற்று மூர்க்கங்கொண்டு வீசும் நாளிலே அந்தப் படகும் ஐயத்துக்குரியதாகின்றது. கரையில் நிகழ்ந்ததைத் தீவும், தீவில் நிகழ்ந்ததைக் கரையும் விரைவில் அறிவதற்கு நெடுங்காலம் வானொலியே துணையாக இருந்தது. அதிலும் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைச் செவிமடுக்காத வீடு எம்மவர் மத்தியில் அரிது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார் என்று தொடங்கி, உற்றார் உறவினர் பெயரெல்லாம் சொல்லி, ஈமக்கிரியை நடைபெறும் இடத்தையும் நேரத்தையும் கூறி முடிப்பதற்கு அதிக நேரம் செல்லாது. அந்தச் சிறு பொழுதுக்குள் பெயரும் ஊரும் காதில் விழாவிட்டால் மறுநாட் காலைப் படகு தவறும். படகு தவறினால் கடைசியாக முகம் பார்க்கும் கடமையும் தவறும்.

இக்காலத்திற்றான் கைத்தொலைபேசி வந்துவிட்டதே என்று வாசகர் கேட்கலாம். வந்துவிட்டது உண்மையே. ஆயினும் எண்பதை எட்டிப்பிடிக்கும் முதியவர்கள் பலர் கண்ணாடியைத் தடவிச் செய்தி அறியும் பழக்கம் இல்லாதவர்கள். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, பனைகளுக்கும் கல்வேலிகளுக்கும் நடுவே தனித்திருக்கும் இவர்களுக்கு வானொலிப்பெட்டியே பேச்சுத்துணை. அந்தப் பெட்டியின் குரலை எவ்வாறு திருத்துவது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

எமது மாணவன் ஒருவன் நெடுந்தீவைச் சேர்ந்தவன். உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயில்பவன். அவனுடைய அப்பப்பாவிடம் மரப்பெட்டியில் அமைந்த பழைய திரான்சிஸ்டர் வானொலி ஒன்று இருக்கின்றது. அலையை வாங்கும் பகுதி எப்போதோ ஊமையாகிவிட்டது. பேரன் சிறிய பண்பலை வாங்கி ஒன்றை அப்பெட்டியின் ஒலிப்பகுதியோடு இணைத்து, கூரையிலுள்ள சூரியத் தகட்டினால் நிரப்பப்படும் 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து மின்னூட்டிப் பெட்டியைப் பேச வைத்தான். மெச்சத்தக்க முயற்சியே. ஆனால் அப்பப்பாவுக்குக் காது மந்தம். அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் புங்குடுதீவிற் காலமான செய்தியை வானொலி கூறியது. இவரும் பெட்டியின் முன்னேதான் இருந்தார். ஆயினும் செத்தவீடு முடிந்த மூன்றாம் நாளே இவருக்கு விடயம் தெரிந்தது. கிழவர் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். பேரனுக்கு அது பொறுக்கவில்லை. யாழ்ப்பாணம் வந்து, சேர்த்து வைத்திருந்த காசைக் கொடுத்து, "50 வாட்டு" என்று அச்சிட்ட அம்பிளிபயர்ப் பலகை ஒன்றையும், மோட்டார்க் காருக்குப் பூட்டும் ஆறங்குலப் பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் வாங்கிச் சென்றான். பழைய காகித ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இவற்றைப் பூட்டினான்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் எம்மிடம் வந்து, "சேர், சத்தம் நல்லாக் கூடினது, பெட்டியே அதிருது. ஆனா அப்பப்பாவுக்கு முந்தி விளங்கினதும் இப்ப விளங்கேல்லையாம்" என்றான்.

அவன் குழம்பியதில் வியப்பில்லை. சத்தம் வேறு, தெளிவு வேறு என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண் சத்தத்தைப் பற்றியதேயன்றித் தெளிவைப் பற்றியதன்று. அந்த எண்ணும் முழு உண்மையன்று. மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து இயங்கும் பலகை, பாலவடிவச் சுற்று உடையதாயின், ஒலிபெருக்கிக்கு அளிக்கக்கூடிய உச்ச வோல்ற்றளவு 12. உச்சத்தின் வர்க்கத்தை, தடையின் இருமடங்காற் பிரித்தால் வலு கிடைக்கும். 4 ஓம் ஒலிபெருக்கியாயின் 144 ஐ 8 ஆற் பிரிக்க 18 வாட்டு. 8 ஓமாயின் 9 வாட்டு. வோல்ற்றளவை உயர்த்தும் வேறு சுற்று உள்ளே இல்லாதவரை இதற்குமேல் ஒரு வாட்டும் வராது. உறையில் 50 என்றும் 500 என்றும் அச்சிடுவதற்கு மை மட்டும் போதும்.

வலுவைக் கூட்டினால் காதுக்கு என்ன கிடைக்கின்றது என்பதையும் பார்ப்போம். வலு இருமடங்கானால் ஒலிமட்டம் 3 டெசிபெல் உயரும். அது அரிதாக உணரத்தக்க ஒரு சிறு உயர்வேயாகும். சத்தம் இருமடங்காயிற்று என்று ஒருவர் சொல்ல வேண்டுமாயின் வலு ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். ஆனால் தூரத்தைக் குறைப்பதோ காசு கேட்பதில்லை. திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபெல் கிடைக்கும். அது வலுவை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். நான்கு மீற்றர் தூரத்திலுள்ள பெட்டியை ஒரு மீற்றருக்குக் கொண்டுவந்தால் பதினாறு மடங்கு வலுவைப் பெற்றவர்களாவோம். கதிரையையோ பெட்டியையோ நகர்த்தினாற் போதும்.

இனி ஒலிபெருக்கியைக் கவனிப்போம். பார்க்கப்போனால் இதைவிட எளிய கருவி வேறொன்றில்லை. ஒரு நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் அசையும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், அச்சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் செல்லும்போது அது காந்தத்தால் முன்னும் பின்னும் தள்ளப்படுகின்றது, கூம்பு காற்றைத் தள்ளுகின்றது, அதுவே ஒலி. அமெரிக்காவிலே ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர் இவ்வமைப்பைச் செம்மைப்படுத்தி வெளியிட்டது 1925 ஆம் ஆண்டில். கொழும்பிலே எட்வேட் ஹாப்பர் என்பார் இலங்கையின் வானொலி ஒலிபரப்பை முறைப்படி தொடக்கி வைத்ததும் அதே 1925 ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்திலேதான். வானொலியும் அதன் குரலும் ஒரே வயதுடையன போலும். இந்த நூறாண்டுகளில் திரான்சிஸ்டர் வந்தது, பண்பலை வந்தது, கைத்தொலைபேசியும் வந்தது. காகிதக் கூம்போ தன் அடிப்படை வடிவை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

கூம்பின் பருமனும் எடையுமே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன. பெரிய பாரமான கூம்பு மெதுவாக அசைந்து மத்தளத்தின் தொப்பி ஒலி போன்ற தாழ்ந்த சுரங்களை எழுப்பும். விநாடிக்கு மூவாயிரம் தடவை அசையச் சொன்னால் அது அசையாது; தள்ளாடும். சிறிய மெல்லிய கூம்பு அவ்வாறன்று. அதற்குத் தாழ்ந்த சுரம் வராது. ஆனால் பேச்சின் கூர்மை வரும். காருக்குரிய ஸ்பீக்கர், சில்லும் இயந்திரமும் இரையும் இடத்தில் பாட்டின் அடியொலியை எழுப்புவதற்காகவே செய்யப்பட்டது. அதனைக் கொண்டு மரண அறிவித்தல் கேட்க முயல்வது, உலக்கையாற் பூத்தொடுக்க முயல்வதை ஒக்கும்.

முதியவரின் காது எவ்வாறு மந்தமாகின்றது என்பதை அறிந்தால் இது மேலும் விளங்கும். வயதினால் வரும் செவிட்டுத்தன்மை எல்லா ஒலியையும் ஒரே அளவிற் குறைப்பதில்லை. உயர்ந்த மீடிறன்களே முதலில் மறைகின்றன. மனிதப் பேச்சில் உயிரெழுத்துக்களின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களிலும், பல மெய்யெழுத்துக்களின் அடையாளம் 2000 ஹேர்ட்ஸுக்கும் அதற்கு மேலும் அமைந்திருக்கின்றன. ஆகவே முதியவருக்கு ஆரோ பேசுவது கேட்கின்றது. என்ன பேசுகின்றார் என்பது பிடிபடுவதில்லை. "கத்தாதே, விளங்கச் சொல்லு" என்று கிழவர்கள் கோபிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் சொல்வது பௌதிகப்படி முற்றிலும் சரி.

எமது தீவுகளின் பெயர்களையே எடுத்துப் பாருங்கள். புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, மண்டைதீவு, நெடுந்தீவு. எல்லாம் "தீவு" என்றே முடிகின்றன. மெய்யொலி மங்கிய காதுக்கு ஒரு நெடிய ஈகாரமும் ஒரு முடிவும் கேட்கும். எந்தத் தீவு என்று தெரியாது. ஆட்பெயர்களும் அவ்வாறே. கந்தையா என்றாரா, கந்தப்பா என்றாரா? செல்லையாவா, செல்லப்பாவா? இடையில் வரும் ஒரு மெய்யே ஆளைக் காட்டுவது. அந்த மெய் போனால் ஆளும் போய்விடுகின்றார். பள்ளித் தோழரின் மரணம் அந்தக் கிழவருக்குத் தப்பியது இவ்விதமாகவே இருக்க வேண்டும். இந்த நிலையில், தாழ்ந்த ஒலியை மேலும் பெருக்கும் ஸ்பீக்கரைப் பூட்டியதால் எஞ்சியிருந்த மெய்யொலியும் அந்த முழக்கத்துள் அமிழ்ந்து போயிற்று.

பௌதிகம் படித்த பிள்ளை இதை எளிதிற் பற்றிக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை நாமும் அவனோடு படகேறினோம். கையில் எடுத்துச் சென்றவை பற்றாசுக்கோல், குறடு, சிறிது பற்றாசு, மிகச் சில உதிரிப்பாகங்கள். எல்லாவற்றின் விலையும் அவன் முன்பு செலவழித்ததில் ஒரு சிறு பகுதிக்கும் வராது.

பெட்டி இருந்த இடமே முதற் குறையாக எமக்குத் தென்பட்டது. விறாந்தையின் ஒரு கோடியில் சுவரோடு ஒட்டிய உயரமான தட்டிலே அது வீற்றிருந்தது. கிழவரின் சாய்மனைக் கதிரை மறுகோடியில். சுவர்கள் சீமெந்துப் பூச்சு, நிலமும் சீமெந்து. இத்தகைய இடத்தில் ஒவ்வொரு சொல்லும் சுவரிற் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழும். முன்னைய நாளிற் கிடுகு வேய்ந்த மண்வீடுகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஓலையும் மண்ணும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். கல்வீடு கட்டியபோது எமக்குக் கிடைத்த வசதிகளுள் எதிரொலியும் ஒன்று. பெட்டியை இறக்கிக் கதிரைக்கு அருகே ஒரு ஸ்ரூலின் மேல், காதின் மட்டத்துக்கு வைத்தோம். எதிர்ச் சுவரில் வீட்டிலிருந்த பெரிய பனையோலைப் பாயைத் தொங்கவிட்டோம். இதற்கே கிழவரின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது.

அடுத்தது ஸ்பீக்கர். நல்ல வேளையாகப் பழையதைப் பேரன் எறிந்துவிடவில்லை. ஐந்தங்குலக் காகிதக் கூம்பு, 8 ஓம். ஓரத்திலே விரற்கடை நீளத்துக்கு ஒரு கிழிசல். மெல்லிய காகிதத் துண்டொன்றைப் பசையால் ஒட்டிக் காயவிட்டோம். உப்புக்காற்றினால் இரும்புச் சட்டம் துருவேறி இருந்தது. துருத்தூள் சுருளின் இடைவெளிக்குள் விழாதபடி, முகம் கீழே பார்க்கப் பிடித்துத் தூரிகையாற் துடைத்தோம். காந்தம் துருவை விடாமல் இழுக்குமாதலால் இவ்வேலையை அவசரத்திற் செய்யலாகாது. பின்பு கூம்பை இரு பெருவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்திப் பார்த்தோம். உரசும் ஓசை இல்லை. உரசினால் அந்த ஸ்பீக்கரை வைத்துப் போராடுவதிற் பயனில்லை.

ஸ்பீக்கரைப் பெட்டியின் முகப்புப் பலகையோடு இடைவெளியின்றி இறுக்க வேண்டும். கூம்பு முன்னே தள்ளும்போது முன்னாலுள்ள காற்று நெருங்குகின்றது. அதே கணத்திற் பின்னாலுள்ள காற்று ஐதாகின்றது. இரண்டும் ஓட்டை வழியாகக் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்பீக்கரைக் கையில் தூக்கிப் பிடித்துக் கேட்பவர்களுக்கு அது தகரம் போல ஒலிப்பது இதனாலேயே. பலகைதான் முன்னையும் பின்னையும் பிரித்து வைக்கின்றது. பழைய மரப்பெட்டிகள் அழகுக்காக மட்டும் செய்யப்பட்டவையல்ல.

கடைசியாக, ஒலிப்பகுதிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே தொடராக 100 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பற்றாசு பிடித்தோம். கடையிற் கேட்கும்போது நேர், எதிர் முனை வேறுபாடு இல்லாத வகை என்று சொல்லிக் கேட்க வேண்டும். கொள்ளளவி தாழ்ந்த மீடிறனைத் தடுத்து உயர்ந்ததை விடும் இயல்புடையது. எந்த இடத்திலிருந்து தடுக்கத் தொடங்கும் என்பதற்கு மாணவர் அறிந்த சூத்திரமே போதும்: ஒன்றை, இரண்டு பை, தடை, கொள்ளளவம் ஆகியவற்றின் பெருக்கத்தாற் பிரிக்க வேண்டும். 8 ஓமுக்கும் 100 மைக்ரோபரட்டுக்கும் விடை ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழுள்ள முழக்கம் படிப்படியாக மெலியும்; பேச்சின் கூர்மைக்கு ஒரு குறையும் வராது. தொலைபேசி இதைத்தான் நெடுங்காலமாகச் செய்து வருகின்றது. 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையிலேயே பழைய தொலைபேசிக் கம்பி பேச்சைக் கடத்தியது. அதைக்கொண்டே உலகம் வியாபாரம் செய்தது, கல்யாணம் பேசியது.

கோயிலில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியும் இந்த இனத்ததே. தாழ்ந்த ஒலி அதில் வராது. ஆகவேதான் அறிவித்தல் அத்தனை தூரம் தெளிவாகச் செல்கின்றது. பரீட்சை நெருங்கிய வேளையில், இரவு பத்து மணிக்கு, படிக்கின்ற பிள்ளையின் யன்னலுக்கு நேரே அதைத் திருப்பிக் கட்டுகின்ற பெரியவர்கள் அதன் தெளிவை இன்னும் சற்றே வேறு திசையிற் பயன்படுத்தினால் நன்று. இது நிற்க.

பரிசோதனை ஒன்று செய்தோம். பேரன் தன் கைத்தொலைபேசியிலே ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் கலந்து வாசித்துப் பதிந்து, அதனைப் பெட்டி வழியாக ஒலிக்கச் செய்தான். கிழவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் கார் ஸ்பீக்கரில். அதிற் பாதிக்கு மேல் பிழைத்தன. பிறகு காகிதக் கூம்பில். இப்போது பிழைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்கன. புங்குடுதீவு என்று பெட்டி சொன்னபோது கிழவர் உடனே "புங்குடுதீவு" என்றார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் அடுத்த பெயரை உடனே ஒலிக்கவிடவில்லை.

இதிலே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கரைத் திருத்தினோமேயன்றிக் காதைத் திருத்தவில்லை. முதியவரின் மந்தத்துக்குச் சில வேளைகளிற் காதிற் சேர்ந்த குறும்பியே காரணமாக இருத்தல் கூடும். கேட்டற் கருவியும் பலருக்கு உதவும். காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் ஒருமுறை காட்டுதல், எந்த அம்பிளிபயர் வாங்குவதற்கும் முந்திச் செய்ய வேண்டியது.

மாலையிற் படகுக்குப் புறப்படும் வேளையில் கிழவர் பேரனைக் கூப்பிட்டு, "தம்பி, செய்தி நல்லா விளங்குது. ஆனா பாட்டு மெலிஞ்சு போச்சடா" என்றார். சரியான குற்றச்சாட்டே. நாதஸ்வரத்தோடு வரும் தவிலின் அடியும், பழைய பாடகர்களின் கனத்த குரலும் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்குவன அல்லவா? இதற்கும் வழி உண்டு. ஒரு சிறு ஆளியை வைத்து, அதனூடாக 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை முன்னையதற்குச் சமாந்தரமாகத் தொடுத்தால் வெட்டும் எல்லை 20 ஹேர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். ஆளி ஒரு பக்கம் செய்தி, மறுபக்கம் பாட்டு. இது எமது புதுக்கண்டுபிடிப்பன்று. 1950 களில் ஜேர்மனியர் செய்த பெரிய மரப்பெட்டி வானொலிகள் பலவற்றின் முகப்பிலே "பேச்சு" என்றும் "வாத்தியக்குழு" என்றும் தனித்தனிக் கட்டைகள் இருந்தன. ஒரே குரல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

எமது நாட்டில் நாம் அறிந்த வானொலிக் கல்வியோ வேறு விதமானது. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது சைக்கிளின் பின்சில்லை நிலத்திற் படாமல் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, 6 வோல்ற்று 3 வாட்டு டைனமோவில் வானொலி பேசிற்று. டைனமோ தருவது ஆடலோட்டம்; அதை இருவாயிகளைக் கொண்டு நேரோட்டமாக்கி, ஒரு கொள்ளளவியால் அலை தணித்து உபயோகித்தவர்கள் பௌதிகம் படித்தவர்களல்லர்; பக்கத்து வீட்டு அண்ணன்மார். பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் ஒலிபரப்பும் இப்படித்தான் எங்கள் காதில் விழுந்தன. மிதி குறைந்தால் செய்தி மங்கும். ஆதலால் முக்கியமான செய்தி வரும்போது பலசாலியான பையனை ஏற்றுவார்கள். அந்த 3 வாட்டிலும் ஒரு சிறு பங்கே ஒலியாயிற்று. ஆயினும் முற்றத்தில் நின்ற பத்துப் பேருக்கும் ஒரு சொல் தவறவில்லை. ஏனெனில் எல்லோரும் பெட்டியை நெருங்கி நின்றார்கள், ஒருவரும் பேசவில்லை. சிற்றலையில் வந்த தமிழோசை 1941 இல் தொடங்கி 2017 ஏப்பிரலில் ஓய்ந்தது.

வீட்டிலுள்ள பழைய யந்திரத்தின் குரலைத் திருத்தும் ஆசை எம்மவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே "பின்போல்" என்றொரு விளையாட்டு யந்திரம் உண்டு. கண்ணாடி மூடிய சாய்ந்த பலகையிலே உருக்குக் குண்டொன்று உருள, ஆட்டக்காரர் இரு சிறு துடுப்புக்களால் அதனைத் தட்டித் தட்டி மேலே அனுப்புவார். சிக்காக்கோ நகரமே அதன் பிறப்பிடம் எனலாம். பழைய யந்திரங்களிலே ஒலிபெருக்கி இல்லை. குண்டு இலக்கிற் பட்டதும் மின்காந்தம் ஒன்று சிறு கோலைத் தள்ளி உலோகச் சட்டங்களில் அடித்து மணியோசை எழுப்பும். பின்பு மின்னணு ஒலி வந்தது. 1979 இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட "கோர்கார்" என்ற யந்திரமே முதன்முதற் பேசியது. அதற்குத் தெரிந்த சொற்கள் ஏழே ஏழு. இன்று பலர் இத்தகைய யந்திரங்களை வாங்கி வீட்டில் வைத்துப் பேணுகின்றனர். இரைச்சல் மிக்க விடுதிகளுக்கென மலிவான ஸ்பீக்கர் பூட்டி அனுப்பப்பட்ட யந்திரம் அமைதியான வீட்டில் ஒலிக்கும்போது அதன் குறை தெரிகின்றது. உடனே பெரிய ஸ்பீக்கரும் பெரிய அம்பிளிபயரும் வாங்குகின்றனர். எமது மாணவன் கண்டதையே அவர்களும் காண்கின்றனர்: அடியொலியால் பெட்டி நடுங்குகின்றது, கண்ணாடி கிறுகிறுக்கின்றது, ஏழு சொல் பேசிய யந்திரம் அதே ஏழு சொல்லைத்தான் பேசுகின்றது. பதிவில் இல்லாததை எந்த ஸ்பீக்கரும் கொண்டுவர மாட்டாது. இருப்பதை மறைக்காமல் விடுவதே அதனால் ஆகக்கூடியது.

ஆனால் அவர்களிடம் நாம் கற்க வேண்டிய நல்ல பழக்கம் ஒன்று உண்டு. அனுபவம் வாய்ந்தவர்கள் பழைய யந்திரத்தின் மரத்தை வெட்டுவதில்லை. பழைய கம்பியை அறுப்பதில்லை. புதியதைச் செருகி எடுக்கக்கூடிய முறையில் இணைத்து, கழற்றிய பழைய பாகத்தைப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துகின்றனர். எம்மவரோ புதிய ஸ்பீக்கர் பொருந்தவில்லையென்றால் முதலிற் தூக்குவது வாளையே. அந்த மாணவனும் முகப்புப் பலகையின் துளையை அரை அங்குலம் அகட்டிவிட்டான். பழைய ஸ்பீக்கரை மீண்டும் பூட்ட ஒட்டுப்பலகையில் ஒரு வளையம் வெட்டிப் போட வேண்டியதாயிற்று.

நெடுந்தீவின் மின்சாரம் நெடுங்காலமாக டீசல் இயந்திரங்களிலிருந்தே வருவது. சூரிய ஒளி, காற்று, பற்றரி ஆகியவற்றை டீசலோடு இணைத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்திய அரசின் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எந்த மின்சாரமாயினும் சுவர் மின்னில் இயங்கும் பழைய வால்வு வானொலிகளைத் திறக்க எண்ணும் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். நாம் மேலே சொன்னவையெல்லாம் பற்றரியில் இயங்கும் திரான்சிஸ்டர்ப் பெட்டிக்கே பொருந்தும். வால்வுப் பெட்டியினுள் இருநூறு, முந்நூறு வோல்ற்று நிலவும். செருகியைப் பிடுங்கிய பின்னும் கொள்ளளவிகள் அதனைச் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கும். மேலும் மின்மாற்றி இல்லாமற் செய்யப்பட்ட சில பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகத் தட்டே சுவர் மின்னோடு நேரே தொடுக்கப்பட்டிருக்கும். அத்தகைய பெட்டியோடு கைத்தொலைபேசியைக் கம்பியால் இணைப்பது உயிராபத்து. தொழில் அறிந்த ஒருவர் அருகில் இல்லாமல் அதன் பின்மூடியைக் கழற்றவே வேண்டாம்.

இத்தகைய பெட்டிகள் தீவகத்தில் இன்னும் சில வீடுகளின் அட்டாளைகளிற் கிடக்கின்றன என்பதை நாம் அறிவோம். உரியவர்கள் பெட்டியின் பின்புறத்திலுள்ள மாதிரி இலக்கத்தையும், வால்வுகளின் மேல் அச்சிட்ட எழுத்துக்களையும் எழுதி அனுப்பினால், அவை எவ்வகையைச் சேர்ந்தவை, தொடத்தக்கவையா என்பதை இப்பகுதியில் வரும் வாரங்களில் எழுதுவோம்.